எரியும் பனிக்காட்டில் நம்பிக்கை என்னும் சொல்

குறிஞ்சி என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றவர் நெஞ்சில் எழுவன தேனும் தினையும் அருவியும், யாரும் அறியாமல் கூடும் தலைவனும் தலைவியும் ஆவர். சங்கப் புலவர்க்கு மலை கூடலின் நிலம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையாக எழுந்து, ஒருபுறம் பரம்பிக்குளம், நெல்லியாம்பதிக் காடுகளையும் மறுபுறம் மூணாறு, தேவிகுளம் மேடுகளையும் தொட்டுக் கிடக்கும் மலைநாட்டைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த தமிழர் இலக்கியமோ கூடலைப் பாடவில்லை; பிரிவையும் பிணியையும் சாவையுமே பேசிற்று. மலையும் காடும் தம் இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை கூறும். இளங்கோவடிகள் கண்டது வெயிலால் வறண்ட பாலை. ஓயாத மழையிலும் அட்டைக்கடியிலும் பனியிலும் பாலையாகிப்போன மலை ஒன்று பின்னாளில் வரும் என்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

இந்த எல்லைப்புறத்தில் வாழும் தமிழர்க்கு அவ்விலக்கியம் வெறும் படிப்புப் பொருளன்று. பொள்ளாச்சி வழியாகவும் போடி வழியாகவும் மலையேறியவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பக்கம் நின்றன. வால்பாறை தமிழகத்தின் பக்கம் நின்றது. தேயிலைச் செடிக்கும் லயத்து வீட்டுக்கும் அக்கோட்டால் வேறுபாடு ஏற்படவில்லை. ஆகவே ஆனைமலையைப் பற்றி எழுதப்பட்ட நூல் இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் உரிய நூலே.

அந்நூல் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரோடு 2007இல் அது தமிழுக்கு வந்தது. அதனைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த ‘பரதேசி’ 2013இல் திரைக்கு வந்தது. நாவலையும் படத்தையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பெரும்பாலும் உழைப்புச் சுரண்டல் என்னும் கோணத்திலேயே எழுதியுள்ளனர். அக்கோணம் சரியானதே. எனினும், வேறொரு வினா அவற்றில் உள்ளது. மீட்சிக்கு வழியே இல்லாத நிலையில் கிறித்தவ நம்பிக்கை என்ன செய்யும்? அது துயரத்தைத் தாங்கும் கோலா, துயரத்தை மறக்கச் செய்யும் மருந்தா, அல்லது துயரம் செய்வோர்க்குத் துணைபோகும் பாட்டா? நாவலாசிரியர் ஒரு விடை தந்தார். இயக்குநர் அவ்விடையைத் தலைகீழாகப் புரட்டினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் படும் பாடு சுவையானது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் என்றும் நிலைப்பவை மூன்று எனப்படுகின்றன. சீர்திருத்தச் சபையாரிடம் வழங்கும் பழைய வேதாகமத்தில் அவற்றுள் முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. பொது மொழிபெயர்ப்பாக 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலோ முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. ஒரு சாரார்க்கு, இன்னும் வாராத நன்மையை எதிர்பார்த்திருத்தல் நம்பிக்கை. மற்றொரு சாரார்க்குக் கடவுளிடம் தன்னை ஒப்புவித்தல் நம்பிக்கை. மலையடிவாரத்துக் கோயில்கள் இரண்டில் ஒரே ஞாயிறன்று இச்சொல் இருவேறு பொருளில் ஒலிக்கலாம். கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. தமிழர் இதற்கெல்லாம் பழகியவர்.

இவ்விரண்டுக்கும் வெளியே, வயலிலும் சந்தையிலும் வழங்கும் மூன்றாவது பொருள் ஒன்றுண்டு: பிறன் சொல்லை மெய்யென்று ஏற்றல். ‘அவனை நம்பிப் போனேன்’ என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்பது கேட்பவர்க்குத் தெரியும். தோட்டத்து இலக்கியம் முழுவதும் இந்த மூன்றாவது பொருளிலேயே தொடங்குகிறது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போனவளின் கதை. அதிலும் இவ்வாறே; டேனியலின் நாவலிலும் இவ்வாறே. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையைச் சேர்ந்த கருப்பனும் வள்ளியும் பசியோடிருக்கையில் மேஸ்திரி வருகிறான். வேலை உண்டு, கூலி உண்டு, கொஞ்ச நாளில் கடன் தீர்த்துத் திரும்பலாம் என்பது அவன் காட்டும் ஆசை. முன்பணமும் கைக்கு வருகிறது. நம்புகிறார்கள்.

அந்த முன்பணத்தின் தன்மையை இன்று படிப்பவர்க்கு விளக்க வேண்டியுள்ளது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டத்தின்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அது குற்றம்; சிறைத் தண்டனையும் உண்டு. அச்சட்டம் 1920களின் நடுவில்தான் நீக்கப்பட்டது. ஆகவே, கருப்பன் கையில் விழுந்த பணம் விலங்கின் முதற்கண்ணி. மலைக்கு வந்தபின் கம்பளியும் அரிசியும் கணக்கில் ஏறும். மேஸ்திரிக்குரிய பங்கு கூலியிலிருந்து கழியும். நோயில் கிடந்த நாள்களுக்குக் கூலி இல்லை. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளன்று கையில் வருவது கூலியன்று, மிச்சக் கடன். டேனியலின் எழுத்து இந்தக் கணக்குத் தீர்க்கும் இடத்தில் மிகக் கூர்மை பெறுகிறது. அவர் இங்குக் கண்ணீரை வருவிக்க முயல்வதில்லை. கூட்டலையும் கழித்தலையும் காட்டுகிறார். அவ்வளவே போதுமானதாக இருக்கிறது.

மேஸ்திரியின் பேச்சுக்கு வேதாகமத்தில் ஓர் இணை உண்டு என்பதை எண்ணும்போது கிறித்தவ வாசகர் சற்றுக் கூசுவர். பாலும் தேனும் ஓடும் நாடு உண்டு, வாருங்கள் என்னும் அழைப்பு யாத்திராகமத்தின் அழைப்பு. வாக்குத்தத்தம் என்று சபையார் சொல்வது அதனையே. பஞ்சத்தில் வாடும் மக்களிடம் வேறொரு நிலத்தைக் காட்டி, எழுந்து வா என்று சொல்லும் குரல் கடவுளுடையதாகவும் இருக்கலாம், மேஸ்திரியுடையதாகவும் இருக்கலாம். கேட்கும் நேரத்தில் இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நாவலின் அடித்தளத்தில் இவ்வினா கிடக்கிறது. ஆசிரியர் அதனை வெளிப்படையாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாவல் சமயக் கட்டுரையாகிப் போயிருக்கும்.

டேனியல் மருத்துவர், 1940களில் ஆனைமலைத் தோட்டங்களுக்குப் பணிக்குச் சென்றவர். தோட்ட ஊழியர் சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். முதிய தொழிலாளர்களின் வாயிலிருந்து கேட்டவற்றைக்கொண்டு தமக்கு முற்பட்ட 1920களின் வாழ்வை எழுதினார். அதனால்தான் நாவலில் புனைவின் மெருகைவிடச் சாட்சியத்தின் கனம் மிகுதி. குளிர், அட்டை, பிரம்படி, மலேரியா, வெள்ளை அதிகாரிகளின் இச்சைக்கு ஆளாகும் பெண்கள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவர் அடுக்கிச் செல்கிறார். ஓரிடத்தில் கூட மனிதர்களின் உள்ளத்துக்குள் நீண்ட நேரம் தங்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை உண்மையே. ஆனால் சாட்சி சொல்ல வந்தவனிடம் உளவியல் நுட்பத்தை முதலாவதாக எதிர்பார்ப்பது முறையாகாது.

நாவலின் பிற்பகுதியில் டாக்டர் ஆபிரகாம் வருகிறார். ஆசிரியரின் சாயல் அவர்மீது படிந்திருப்பது வெளிப்படை. பெயரால் கிறித்தவர், ஆயினும் அவர் போதகராக வரவில்லை, மருத்துவராகவே வருகிறார். கூலிகள் சாவது அவர்கள் விதியென்று அதுவரை எண்ணப்பட்டது. அது விதியன்று, நோய். நோய்க்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்க வழியும் உண்டு என்பது அவருடைய செய்தி. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இலேயே மெய்ப்பித்துவிட்டார். கொயினா மருந்தோ அதற்கும் முந்தியது. அறிவு இருந்தது, மருந்தும் இருந்தது. லயத்துக்கு அவை வந்து சேரவில்லை. ஆபிரகாம் துரைமாரோடு முரண்படுவது இங்குத்தான். கூலியின் உயிருக்கு விலையுண்டு என்று அவர் வாதிடும்போது நாவலில் முதன்முறையாகக் காற்று நுழைவதுபோல் இருக்கிறது.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் வேறொரு ஆபிரகாம் பேசப்படுகிறார்: முதுமையிலும் மகன் பிறப்பான் என்று நம்பியவர், நம்பத் தக்க சான்று ஒன்றும் கண்முன் இல்லாதபோது நம்பியவர். டேனியல் அப்பெயரைத் தற்செயலாக வைத்தாரா, கருதி வைத்தாரா என்பதை நாம் ஆராய வேண்டுவதில்லை. வாசகர் மனத்தில் இரு ஆபிரகாமும் அருகருகே நிற்பார்கள் என்பதே போதும். ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. முதல் ஆபிரகாமுக்கு வாக்கு அளிக்கப்பட்டது. மலைத்தோட்டத்து ஆபிரகாம் எவர்க்கும் பெரிய வாக்கு எதையும் அளிப்பதில்லை. கழிவுநீரை அகற்றுகிறார், நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறார், செத்தவரைச் செத்தவர் என்று சொல்கிறார். பேச்சால் கெட்ட மக்களிடையே பேச்சைக் குறைத்தவராக அவர் வருவது ஆசிரியரின் கலையுணர்வா, மருத்துவப் பழக்கமா தெரியவில்லை; விளைவு நன்று. பின்னர் அவரே ஆங்காங்கு நீண்ட சொற்பொழிவு ஆற்றத் தொடங்கும்போது நாவல் தளர்வதையும் சொல்லத்தான் வேண்டும். அறத்தின் குரலாக மட்டும் ஒரு மனிதன் நின்றுவிட்டால் அவனுடைய நிழல் மறைந்துவிடுகிறது.

இனிப் படத்துக்கு வருவோம். பாலாவின் ‘பரதேசி’ பல வகையில் அரிய படம். சாலூர்க் கிராமத்தில் தண்டோராப் போடும் இராசா ஊரோடு சேர்ந்து கங்காணியை நம்பி மலையேறுகிறான். அவன் காதலி அங்கம்மா ஊரிலேயே நின்றுவிடுகிறாள். அவளிடம் திரும்பிப் போகவேண்டும் என்ற ஒன்றே அவனை உயிரோடு வைத்திருக்கிறது. படத்தின் முடிவில் அவளே, அவர்களுடைய பிள்ளையோடு, புதிதாகப் பிடித்துவரப்பட்ட கூலிக் கூட்டத்தில் மலைக்கு வந்து சேர்கிறாள். எவளைக் காண்பதற்காக அவன் உயிர் வைத்திருந்தானோ அவளைக் கண்டுவிட்டான். அதனாலேயே அவனுக்கிருந்த கடைசி வழியும் அடைபட்டுவிட்டது. எதிர்பார்ப்பு நிறைவேறுவதே பேரழிவாகும் இந்த முரணைத் தமிழ்த் திரையில் இதைவிடக் கடுமையாகக் காட்டியவர் எவரையும் நான் அறியேன். நாவலில் இல்லாத இம்முடிவு நாவலின் உள்ளக்கருத்தை மேலும் ஒரு படி ஆழமாக்குகிறது.

இத்தகைய கலைஞர் ஆபிரகாமை என்ன செய்தார் என்பதுதான் வியப்பு. படத்தில் அவர் பரிசுத்தம் என்ற பெயருடன் வருகிறார். கொள்ளைநோயில் மக்கள் மடியும் லயத்தினிடையே ஆடிப் பாடி மதம் பரப்புபவராக வருகிறார். மருத்துவம் பின்னுக்குப் போய்விடுகிறது. படம் வெளிவந்தபோதே இதைக் கண்டித்தவர் உண்டு. மூலத்தைத் திரித்ததற்காகவும், கிறித்தவரைப் பழித்ததற்காகவும் கண்டித்தனர். தழுவல் செய்பவர்க்கு மூலத்தை மாற்றும் உரிமை உண்டு. முடிவை மாற்றியதற்காகப் பாராட்டிவிட்டு மருத்துவரை மாற்றியதற்காக மட்டும் உரிமையை மறுப்பது நேர்மையாகாது. ஒரு சமயத்தாரின் மனம் புண்பட்டது என்பதும் இலக்கியத் தீர்ப்புக்கு உரிய அளவுகோலன்று. கேட்கவேண்டியது இதுவே: அம்மாற்றம் எதைச் சொல்கிறது, அது உண்மையா?

அது சொல்வது தெளிவு. பரிசுத்தம் இரண்டாவது கங்காணி. முதற் கங்காணி மலையைக் காட்டினான், இவர் மோட்சத்தைக் காட்டுகிறார். முதலாமவன் பறையடித்து அழைத்தான், இவர் ஆட்டமாடி அழைக்கிறார். இருவரிடமும் ஏமாறுவோர் ஒரே மக்கள். மேலே நாம் கேட்ட வினாவுக்கு, இரு குரலையும் பிரித்தறிய இயலாது, ஏனெனில் இரண்டும் ஒன்றே என்பது படத்தின் விடை.

இக்குற்றச்சாட்டை ஆதாரமற்றது என்று கிறித்தவர் தள்ளிவிட முடியாது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று அன்றே ஏசினர். கஞ்சி ஊற்றியவர் யார் என்பதை ஏசியவர் எண்ணவில்லை. இரண்டும் உண்மை. மூணாற்றிலோ படிமம் இன்னும் கூர்மையானது. அங்குள்ள கிறிஸ்து ஆலயம் 1911இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஆலயத்துக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. 1894இல் வாந்திபேதியால் இறந்த எலினர் இசபெல் மே என்னும் துரைமகள் அந்தக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டாள். இளவயதில் இறந்தவளின் கல்லறை முன் நிற்பவர் இரக்கம் கொள்வதே இயல்பு. ஆயினும் ஆலயச் சுவரில் உள்ள பித்தளைத் தகடுகள் தோட்டக்காரத் துரைமாரின் பெயர்களையே தாங்கியுள்ளன. தேயிலை நட்டவர்களின் பெயர் எந்தத் தகட்டிலும் பொறிக்கப்படவில்லை. வேதம் ஒன்று, கல்லில் எழுதப்படும் பெயர்கள் வேறு. அந்தச் சுவரைக் கண்ட ஒருவர் பரிசுத்தத்தை எழுதினால் அவரை முற்றிலும் குறைகூற இயலாது.

பெயரில்லாத சாவு அக்காலத்தோடு முடிந்துபோன செய்தியும் அன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வருடைய உடல் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். மயிலோடையும் அந்தப் பக்கத்துச் சிற்றூர்தான். நாவலில் கருப்பனும் வள்ளியும் நடந்த வழியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதை நூறாண்டு கழித்துச் செய்தித்தாள் காட்டிற்று.

ஆயினும், படத்தின் விடை தவறானது என்றே நான் கருதுகிறேன். காரணம் நாவலில் இருக்கிறது, வேதாகமத்திலும் இருக்கிறது. மேஸ்திரியின் வாக்குக்கு ஓர் இலக்கணம் உண்டு. அவன் எப்போதும் பயனைச் சொல்வான். பயன் கிட்டாவிட்டால் என்னவாகும் என்பதை ஒருநாளும் சொல்லான். தானியேலின் ஆகமத்தில் மூன்றாம் அதிகாரத்தை இங்கு நினைவுகூரலாம். நேபுகாத்நேச்சாரின் பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர் எரிசூளையின் முன் நிறுத்தப்படுகின்றனர். தங்கள் கடவுள் காக்க வல்லவர் என்கிறார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. அவர் காக்காமல் விட்டாலும் இச்சிலையை வணங்கமாட்டோம் என்ற கருத்தையும் சேர்க்கிறார்கள். அந்த ‘விட்டாலும்’ என்ற சொல்லை எந்த மேஸ்திரியும் உச்சரித்ததில்லை. உச்சரித்தால் அவன் பின்னே ஒருவரும் மலையேறமாட்டார். பயனை உறுதி செய்துகொண்டு நம்புவது வியாபாரம். மேஸ்திரி விற்றது அதுவே. சூளையின் முன் நின்றவர்களிடம் இருந்தது வேறு.

சங்கீதங்களிலும் இதனைக் காணலாம். புலம்பித் தொடங்கும் பாடல்கள் பலவும் ஈற்றில் ஒளியை நோக்கித் திரும்புகின்றன. எண்பத்தெட்டாம் சங்கீதம் மட்டும் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதனைத் தொகுத்தவர்கள் ஆறுதலான ஓரடியைச் சேர்த்து முடித்திருக்கலாம், சேர்க்கவில்லை. யோபுவின் நண்பர்களைப் பற்றியும் ஒரு சொல். அவனுடைய துயரத்தைக் கண்டு ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உடன் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கியபின்தான் கெட்டார்கள். பாலா தாக்க விரும்பியது இந்தப் பேசும் நண்பர்களை எனில் வேதாகமமே அவர் பக்கம் நிற்கிறது. அவர் செய்த பிழை, பேசாமல் உடன் அமர்ந்திருந்தவனையும் பேசியவனாக ஆக்கியது. இதனால் படம் இழந்ததும் அதிகம். கங்காணியும் துரையும் கம்பவுண்டரும் போதகரும் எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டபின், அங்கு நடப்பது அநீதி என்று சொல்ல ஒருவரும் எஞ்சவில்லை. அநீதி இயற்கைச் சீற்றம்போல் தோன்றத் தொடங்குகிறது. ஆபிரகாம் விதியென்னும் சொல்லை மறுத்தார். படம் அவரை நீக்கியதால் அச்சொல்லைத் திரும்ப அழைத்து உட்கார வைத்துவிட்டது.

இவ்வளவு சொன்னபின் நாவலிடம் எனக்குள்ள குறையையும் சொல்லவேண்டும். டேனியலிடம் நம்பிக்கை வெளியிலிருந்து வருகிறது. படித்தவர், மருத்துவப் பையோடு வண்டியில் வருகிறவர் அதனைக் கொண்டுவருகிறார். லயத்துக்குள்ளேயே ஏற்கெனவே இருந்த நம்பிக்கை எங்கே? திருநெல்வேலியிலிருந்து மலையேறியவர்களுள் கிறித்தவர் திரளாக இருந்தனர். கம்பளியோடு வேதப்புத்தகமும் ஏறிற்று. மூணாற்றில் 1898இலேயே ஸ்பெயின் நாட்டுக் கர்மேல் துறவி அல்போன்ஸ் கார்மல் மாதா ஆலயத்தை நிறுவினார். தோட்டத்துக்குத் தோட்டம் தகரக் கூரையும் மண்சுவருமாகச் சிற்றாலயங்கள் எழுந்தன. அங்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் போதகரால் ஏமாற்றப்பட்டவர்களாகவும் நாவலாசிரியரால் மீட்கப்பட வேண்டியவர்களாகவும் மட்டும் இருந்தார்கள் என்பதை நான் ஏற்கேன். பகல் முழுதும் அடிபட்ட ஒருத்தி மாலையில் முழங்காற்படியிட்டு என்ன கேட்டாள், என்ன கேட்கவில்லை என்பது நாவலின் மையத்துக்கு வரவே இல்லை.

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் உயர்குடி மரபும் அவளுக்குத் துணை நிற்கவில்லை. எச்.ஏ. கிருட்டிண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வெளிவந்தது 1894இல். மூணாற்றுக் குன்றில் அந்த முதற் கல்லறை தோண்டப்பட்ட அதே ஆண்டு. ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணத்தைத் தழுவிய காப்பியம் அது. பன்யன் சமயத்துக்காகச் சிறையில் கிடந்தவர். அவருடைய கதையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்ட பயணிகள், தம் மடியிலேயே வாக்குறுதி என்னும் திறவுகோல் இருப்பதை நினைவுகூர்ந்து வெளியேறுகின்றனர். கிருட்டிண பிள்ளையின் விருத்தங்கள் கம்பனின் நிழலில் நடப்பவை. அவற்றின் அழகை நான் குறைக்கவில்லை. அதே நெல்லை மண்ணிலிருந்து அதே பத்தாண்டுகளில் மலைக்குப் போன பயணிகளின் மடியில் முன்பணக் கடன் இருந்தது. அந்த யாத்திரையைப் பாடும் யாப்பு அன்று தமிழில் இல்லை.

தேவிகுளம், மூணாற்றுத் தோட்டங்களில் இளமையைக் கழித்த டி. செல்வராஜ் ‘தேநீர்’ நாவலில் அவ்வாழ்வை உள்ளிருந்து எழுதினார். அவர் பொதுவுடைமையாளர், அவர் காட்டும் மீட்சி தொழிலாளர் ஒற்றுமையில் இருக்கிறது. அவர் பெயரின் முன்னெழுத்தும் டேனியல் என்பதே என எண்ணும்போது சிறு புன்னகை எழுகிறது. சிங்கக் கெபியில் இரவைக் கழித்தவனின் பெயரைத் தாங்கிய இருவர், ஒருவர் மருத்துவமனை வாயிலாகவும் மற்றவர் சங்கக்கொடி வாயிலாகவும் ஒரே மலையை எழுதியிருக்கிறார்கள். சிற்றாலயத்தின் வாயிலாக எழுத வேண்டியது எஞ்சியுள்ளது.

அப்படி எழுத வருபவர்க்கு ஒரு சொல் காத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ‘ரெட் டீ’ என்பதை ‘எரியும் பனிக்காடு’ என்று மாற்றியபோது குருதியின் நிறம் தலைப்பிலிருந்து போய்விட்டது என்று சிலர் வருந்துவர். ஆனால் வேதாகமம் பழகிய செவிக்கு அத்தலைப்பில் வேறொன்று கேட்கும்: மோசே கண்ட, எரிந்தும் வெந்துபோகாத முட்செடி. யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரம் அது. அடிமைப்பட்ட மக்களின் கூக்குரலைக் கேட்டதாகக் கடவுள் அங்கே கூறுகிறார். அம்மக்களை வேலைவாங்கிய எகிப்திய அதிகாரிகளைக் குறிக்கப் பழைய தமிழ் வேதாகமம் ஆள்வது ‘ஆளோட்டி’ என்னும் சொல். நகரத்துப் பள்ளியில் அதனைப் படிக்கும் மாணவனுக்கு அகராதி வேண்டியிருக்கும். லயத்துச் சிற்றாலயத்தில் அது வாசிக்கப்பட்டபோது, பொருள் கேட்டவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.